பாட்டுக்கு நடுவே கொஞ்சம் பேச்சு

மலாயாவில் முதன்முதலாக மின்சாரம் எந்த ஊருக்கு வந்தது? கேட்டுப் பாருங்கள், பலரும் கோலாலம்பூர் என்பார்கள். சிலர் பினாங்கு என்பார்கள். இரண்டும் இல்லை, ரவாங்! 1894-ஆம் ஆண்டு இங்கிருந்த ஈயச் சுரங்கத்துக்கு மின்னாக்கி ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டினார்கள் இருவர். ஒருவர் லோக் இயூ. மற்றவர் கே. தம்புசாமிப் பிள்ளை. பத்துமலையில் முருகனுக்குக் கோயில் அமையக் காரணமாக இருந்தாரே, அதே தம்புசாமிப் பிள்ளைதான்.

ஆக, இந்த மண்ணில் முதல் மின்னல் வெட்டியது ரவாங்கில். பின்னாளில் அரசாங்கத் தமிழ் வானொலிக்கு 'மின்னல்' என்று பெயர் வைத்தவர்கள் இதை நினைத்து வைத்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் ரவாங்வாசிகள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம். இன்னொரு பொருத்தமும் உண்டு. ரவாங்கில் போர்ட் கிள்ளான் போகும் கொமுட்டரில் ஏறினால் குவாங், சுங்கை பூலோ, கெப்போங், செகாம்புட் என்று நகர்ந்து, கே.எல். சென்ட்ரலையும் தாண்டி, 'அங்காசாபுரி' என்றே ஒரு நிலையத்தில் வண்டி நிற்கும். நம் வானொலி இருக்கும் இடம் அது. வண்டி மாறக்கூடத் தேவையில்லை.

அந்த ரயிலில் காலையில் ஏறுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் காதில் எதையோ செருகியிருப்பார்கள். சாலையில் போகிறவர்கள் கதையும் அதுதான். நெடுஞ்சாலை நெரிசலில் காருக்குள் தனியாக உட்கார்ந்து வானொலியைத் திருகிக் கொண்டிருப்பார்கள். கண்ணுக்கும் கைக்கும் வேலை இருக்கிறது, காது மட்டும் சும்மா இருக்கிறது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் தமிழில் நாம் என்ன கேட்கிறோம்?

பெரும்பாலும் பாட்டு. பாட்டு நல்லது, அதில் சண்டையில்லை. இந்த வாரம் பேச வந்தது பாட்டுக்கு நடுவே இருக்க வேண்டிய மற்றவற்றைப் பற்றி. உரை, உரையாடல், நாடகம், கதை வாசிப்பு, நூல் பேச்சு, கலைப் பேச்சு ஆகியவை நம் வானொலி நாளில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன, எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

வானொலி வந்த கதை

ஜொகூரில் ஏ.எல். பர்ச் என்ற மின் பொறியாளர் 1921-இல் வானொலிக் கருவியைக் கொண்டுவந்தார் என்பதிலிருந்துதான் இந்நாட்டு ஒலிபரப்பு வரலாறு தொடங்குகிறது. அது ஆர்வலர்களின் விளையாட்டாக இருந்த காலம். போர் முடிந்த பிறகு 1946 ஏப்ரல் 1-ஆம் நாள் 'ரேடியோ மலாயா' சிங்கப்பூரிலிருந்து முறையாக ஒலிக்கத் தொடங்கியது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழிச் சேவைகள். 1959 ஜனவரி 1-ஆம் நாள் அது கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தது. 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா பிறந்தபோது 'ரேடியோ மலேசியா' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் தொலைக்காட்சியும் வந்துவிட்டது.

இந்த இடைப்பட்ட காலத்தில் வானொலி தோட்டங்களுக்குள் நுழைந்த விதம் சுவையானது. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது மக்களிடம் அரசாங்கத்தின் செய்தியைச் சேர்க்க வேண்டியிருந்தது. பத்திரிகை போய்ச் சேராத இடங்கள் நிறைய. படிக்கத் தெரியாதவர்களும் நிறைய. அதனால் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தார்கள். அரசாங்கத்தின் நோக்கம் பிரசாரம். மக்கள் எடுத்துக்கொண்டதோ அதைவிட அதிகம். பிரசாரத்துக்காக வந்த பெட்டியிலேயே பாட்டும் பேச்சும் வந்தன. ஒருவர் வீட்டுப் பெட்டியைச் சுற்றி ஒரு லயமே கூடியதையும், நாடகம் முடியும்வரை யாரும் எழுந்து போகாததையும் இன்று எழுபதைத் தாண்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வானொலி என்பது அன்று ஒலிப்பெட்டி மட்டுமில்லை, நாள்காட்டியும் கடிகாரமும் அதுவே. இந்த நிகழ்ச்சி வந்தால் அடுப்பு பற்றவைக்க வேண்டும், அந்த நிகழ்ச்சி முடிந்தால் பிள்ளைகள் படுக்க வேண்டும் என்று வீடுகள் நடந்தன. அறிவிப்பாளர்கள் முகம் தெரியாத உறவுக்காரர்களானார்கள். பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், நடிகர், ஒலிபரப்பாளர் என்று பல வேடம் தரித்த ரெ. சண்முகம் தம் வாழ்க்கையை எழுதியபோது 'இந்த மேடையில் சில நாடகங்கள்' என்று தலைப்பு வைத்தார். அங்காசாபுரியில் வேலை பார்த்தவர் வேறு என்ன தலைப்பு வைப்பார்? எழுத்தாளர் ரெ. கார்த்திகேசுவும் வானொலியில் பணியாற்றிவிட்டுத்தான் பிறகு பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் தொடர்பு கற்பிக்கும் பேராசிரியரானார். அந்தக் காலத்தில் எழுத்தும் ஒலியும் இப்படிப் பக்கத்துப் பக்கத்து வீடுகளாக இருந்தன.

பேச்சு ஏன் சுருங்கியது?

இதற்கு யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டியதில்லை. கணக்கு எளிது. ஒரு பாட்டை ஒலிபரப்ப ஒருவர் போதும், ஒரு விரல் போதும். அரை மணி நேர நாடகத்துக்கு என்ன வேண்டும்? எழுத ஒருவர், திருத்த ஒருவர், நடிக்க ஐந்தாறு பேர், இயக்க ஒருவர், ஒலிப்பதிவுக்கு ஒருவர். ஒத்திகைக்கு ஒரு நாள், பதிவுக்கு ஒரு நாள், வெட்டி ஒட்ட இன்னொரு நாள். இவ்வளவும் முடிந்து ஒலியேறினால் முப்பதே நிமிடத்தில் தீர்ந்துபோகும். அதே முப்பது நிமிடத்தை ஆறு பாட்டு நிரப்பிவிடும், கேட்பவர்களும் போக மாட்டார்கள். விளம்பரத்தை நம்பி ஓடும் நிலையம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு காரணம், நாம். பாட்டை அரைக் காதால் கேட்கலாம். நடுவில் போன் பேசலாம், பிள்ளையை அதட்டலாம், மறுபடி வந்து பல்லவியில் ஒட்டிக்கொள்ளலாம். பேச்சு அப்படி விடாது. ஒரு வாக்கியத்தைத் தவறவிட்டால் அடுத்தது புரியாது. அது முழுக் காதைக் கேட்கிறது. முழுக் காதைக் கொடுக்கும் பழக்கம் நமக்குக் குறைந்துபோனது.

இழப்பு ஒன்றும் சின்னதில்லை. லண்டனிலிருந்து 1941-இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரலோடு வானொலியில் ஒலிப்பதை நிறுத்திக்கொண்டது. 76 ஆண்டுகள் நின்ற குரல். இங்கே நம் வீட்டில், 1924-இல் பிறந்த 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019-இல் கண்மூடியது. இப்படி ஒவ்வொன்றாகப் போகும்போது, 'பரவாயில்லை, இன்னொன்று இருக்கிறதே' என்று சொல்லிக்கொள்கிறோம். அந்த இன்னொன்றையும் கவனிக்க வேண்டாமா?

பேச்சு என்ன செய்துவிடும்?

தஞ்சாவூர் வட்டாரத்தில் 1960-களில் நடந்தது இது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற புதிய நெல் வந்தது. விவசாயிகளுக்கு அதை எப்படிச் சொல்வது? திருச்சி வானொலி நிலையம் தன் பண்ணை நிகழ்ச்சிகளில் விடாமல் சொன்னது. எப்போது விதைக்க வேண்டும், எவ்வளவு உரம், எவ்வளவு தண்ணீர் என்று உட்கார்ந்து பேசினார்கள். விளைவு, அந்த நெல்லுக்கு மக்கள் வைத்த பெயரே 'ரேடியோ நெல்'. ஒரு நிகழ்ச்சியின் பெயரை ஊர் நெல்லுக்கு வைக்கிறது என்றால், அந்தப் பேச்சு வயல்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

இங்கிலாந்தில் இதே வேலையை நாடகம் செய்தது. போருக்குப் பிறகு உணவுத் தட்டுப்பாடு. விவசாயிகளுக்குப் புது முறைகளைச் சொல்லித் தர வேண்டும். பாடம் நடத்தினால் யார் கேட்பார்கள்? ஒரு கற்பனைக் கிராமம், அதில் ஒரு குடும்பம், அவர்கள் சண்டை சச்சரவு, அதற்கு நடுவே மாட்டு நோயும் உரமும். 1951 ஜனவரி 1-ஆம் நாள் நாடு முழுக்க ஒலிக்கத் தொடங்கிய 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற அந்தத் தொடர் இன்னும் முடியவில்லை. விவசாயப் பாடம் எப்போதோ போய்விட்டது. குடும்பம் மட்டும் மூன்று தலைமுறைக்கு மேல் ஓடிக் கொண்டிருக்கிறது.

நம் பக்கத்து இலங்கை இன்னும் அருமையான உதாரணம். இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சை அப்படியே ஒலிவாங்கிக்குக் கொண்டுவந்தன. 'சானா' என்று அழைக்கப்பட்ட சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா', இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்', சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' ஆகியவை எல்லாம் அந்த மண்ணின் தமிழில் பேசின. எஸ். ராமதாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' வானொலியில் பெற்ற வரவேற்பில், 1976-இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவே வந்தது. நாங்கள் பேசுவதும் தமிழ்தான், அதில் சிரிக்கலாம், அழலாம், காதலிக்கலாம் என்ற தைரியத்தை அந்த மக்களுக்குக் கொடுத்தது வானொலி.

இங்கேதான் நமக்கு ஒரு கேள்வி வருகிறது. நம் பிள்ளைகள் தொலைக்காட்சித் தொடரில் கேட்பது சென்னைத் தமிழ். பள்ளியில் படிப்பது பாடநூல் தமிழ். வீட்டிலும் கடையிலும் பேசுவது வேறு. 'பசார் மாலாம் போயிட்டு வரேன்', 'மாமாக் கடையில தே தாரே பொங்கஸ் பண்ணிட்டு வா' என்பது நம் தமிழ். பாட்டி பேசும்போது பெரட்டு, லயம், தண்டல், கிராணி என்று ஒரு முழு உலகமே வரும். இந்தப் பேச்சை எங்கே கேட்க முடியும்? எழுத்தில் வந்தால் பிழை என்று திருத்திவிடுவோம். மேடையில் வந்தால் கேலிக்கு மட்டும் பயன்படுத்துவோம். அதைக் கௌரவமாக, ஒரு மனிதரின் முழு மனதோடு கேட்பதற்கு ஏற்ற இடம் வானொலி நாடகம். முகம் இல்லை, உடை இல்லை, குரல் ஒன்றுதான். பேசும் தமிழ் பொய்யாக இருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

இருட்டில் ஒரு நாடகம்

வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய 'டேஞ்சர்'. பி.பி.சி. அதை 1924 ஜனவரி 15-இல் ஒலிபரப்பியது. கதை இதுதான். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றைப் பார்க்கப் போனவர்கள் உள்ளே இருக்கும்போது விளக்கு அணைந்துவிடுகிறது. முழு இருட்டு. அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது, கேட்கிற நமக்கும் ஒன்றும் தெரியாது. பார்க்க முடியாத ஊடகத்துக்கு, பார்க்க முடியாத ஓர் இடத்தையே கதைக்களமாக எடுத்துக்கொண்ட கெட்டிக்காரத்தனம் அது.

இதைப் படிக்கும்போது ரவாங்கில் இருக்கிறவர்களுக்குப் பக்கத்து ஊர் ஞாபகம் வர வேண்டும். பத்து ஆராங்! பெயரிலேயே நிலக்கரி இருக்கிறது. மலாயாவின் ரயிலுக்கும் மின் நிலையத்துக்கும் நிலக்கரி கொடுத்த ஊர். சீனத் தொழிலாளர்களோடு நம்மவர்களும் மலாய்க்காரர்களும் வேலை பார்த்த சுரங்கம். 1937 மார்ச்சில் நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்த வேலைநிறுத்தம் நடந்த இடம். 1960-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இப்போது பழைய கட்டடங்களைப் படம் பிடிக்கப் போகிறவர்கள் உண்டு. அங்கே மண்ணுக்கு அடியில் ஒரு தமிழ்த் தொழிலாளி இருட்டில் என்ன பேசியிருப்பான், மேலே காத்திருந்தவள் என்ன நினைத்திருப்பாள் என்று ஓர் அரை மணி நேர நாடகம் எழுதினால்? செட்டு போடத் தேவையில்லை, உடை தைக்கத் தேவையில்லை. படமாக எடுத்தால் இலட்சக்கணக்கில் செலவாகும். வானொலியில் ஒரு மண்வெட்டியும் கொஞ்சம் கூழாங்கல்லும் போதும்.

வானொலி நாடகத்தின் இரகசியமே இந்தச் சிக்கனம்தான். இரண்டாகப் பிளந்த தேங்காய்ச் சிரட்டையைத் தட்டினால் குதிரை ஓடும். கண்ணாடித் தாளைக் கசக்கினால் வீடு பற்றி எரியும். தட்டில் கொட்டிய சரளையில் நடந்தால் ஆள் வருவான். நடிகர் ஒலிவாங்கியை விட்டு இரண்டடி பின்னால் போனால் அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். காதோரம் வந்து மெல்லப் பேசினால் அது மனசாட்சி. மிச்சத்தைக் கேட்கிறவரின் மூளை கட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கதாநாயகி இருப்பாள்.

எப்போதும் ஆள்படை வேண்டும் என்பதும் இல்லை. தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' சொன்னபோது என்ன வைத்திருந்தார்? ஒரு குரல், சில நிமிடம், ஒரு குட்டிக் கதை. சிரிக்காமல் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு, கடைசியில் ஒரு விஷயத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு மாநிலமே காலையில் அதற்காகக் காத்திருந்தது. பேச்சு நிகழ்ச்சிக்குப் பணம் இல்லை என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

ஒரு நாள், ஒரு நிரல்

குறை சொல்வது சுலபம், நிரல் போடு பார்ப்போம் என்பீர்கள். சரி, போடுகிறேன். ரவாங்கிலோ கிள்ளானிலோ இருக்கும் ஒரு சாதாரணக் குடும்பத்தை மனதில் வைத்து ஒரு நாள். பாட்டு இருக்கும் இடத்தில் இருக்கட்டும், நடு நடுவே இவை.

விடியற்காலை 5.30: ஐந்து நிமிடச் சிந்தனை. உபதேசம் வேண்டாம், ஒரு கதை போதும். அந்த நேரத்தில் எழுந்து வேலைக்குக் கிளம்புகிறவருக்கு அறிவுரை தேவையில்லை, துணை தேவை.

காலை 6.30: ஒரே ஒரு செய்தி, பத்து நிமிடம். ஊழியர் சேமநிதியோ, வாடகை ஒப்பந்தமோ, பள்ளிப் பதிவோ, ஏதாவது ஒன்றைத் தெரிந்தவர் நிதானமாக விளக்க வேண்டும். தலைப்புச் செய்திகளைப் போனிலேயே பார்த்துவிடுகிறோம். அதற்குப் பின்னால் என்ன என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

காலை 7.15: நாவல் வாசிப்பு, தினமும் பதினைந்து நிமிடம். அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' அல்லது சயாம் மரண ரயிலைப் பற்றிய 'நினைவுச் சின்னம்', ரெ. கார்த்திகேசுவின் 'வானத்து வேலிகள்' என்று வரிசையாக. ரயிலில் நின்றுகொண்டு புத்தகம் விரிக்க முடியாது, கேட்க முடியும். ஒரு மாதத்தில் ஒரு நாவல் முடிந்துவிடும். வாசிக்க நேரமில்லை என்று நாம் சொல்லும் சாக்கும் முடிந்துவிடும்.

காலை 10.00: வீட்டில் இருப்பவர்களுக்கு. மருத்துவர் ஒருவர், நேயர்கள் கேள்வி. நீரிழிவைப் பற்றி நம் வீடுகளில் பேச நிறைய இருக்கிறது. சமையல் இருக்கட்டும், ஆனால் வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சமையல் மட்டுமே போதும் என்ற நினைப்பு வேண்டாம்.

பிற்பகல் 3.30: மாணவர் நேரம். வாரம் ஒரு தமிழ்ப்பள்ளி. பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டாம். ஊரில் உள்ள ஒரு பெரியவரைப் போய்ப் பேட்டி எடுத்து வரட்டும். கேள்வி கேட்கத் தெரிவது எந்தத் தேர்வையும்விட உதவும்.

மாலை 6.00: தொடர் நாடகம், பதின்மூன்று நிமிடம். ரவாங்கில் ஒரு தாமான். தோட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, கே.எல்.-இல் வேலை பார்க்கும் மகள், தமிழ் பேசத் தயங்கும் பேரன், எதிர்வீட்டுச் சீனர், பக்கத்து வீட்டு மலாய்க்காரர். கதையை யாரும் வெளியே தேட வேண்டாம், கதவைத் திறந்தால் இருக்கிறது.

இரவு 8.00: கலை நேரம். பிரிக்பீல்ட்ஸில் 1981 முதல் நடனமும் இசையும் கற்பித்து வரும் நுண்கலை ஆலயம் என்ன அரங்கேற்றுகிறது, இந்த வாரம் வந்த உள்ளூர்ப் படம் எப்படி, புதிதாக வந்த சிறுகதைத் தொகுப்பு தேறுமா என்று பேச வேண்டும். பாராட்டு மட்டும் இல்லாமல், பிடிக்காததையும் மரியாதையாகச் சொல்லும் பேச்சு.

இரவு 9.30: வாரம் ஒரு முழு நாடகம். மற்ற நாள்களில் நேயர் நினைவுகள். தூக்கம் வராத முதியவர்கள் கேட்கிற நேரம் அது. அவர்கள் பேசினால் இன்னும் நல்லது.

இதில் எதுவும் வானத்திலிருந்து குதித்த யோசனை இல்லை. இவற்றில் சில ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு வடிவில் நம் காதுக்கு வந்தவைதாம். இன்றும் மின்னலிலோ ராகாவிலோ நல்ல நேர்காணல் ஒன்று சிக்கினால் காரை நிறுத்திவிட்டும் இறங்காமல் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பசி இருக்கிறது, பந்தியில்தான் அளவு குறைவு.

'இப்போதுதான் போட்காஸ்ட் இருக்கிறதே!'

இளையவர்கள் இப்படித்தான் கேட்பார்கள், நியாயம்தான். யார் வேண்டுமானாலும் ஒரு போனை வைத்துக்கொண்டு பேசலாம், பதிவேற்றலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. போட்காஸ்டைத் தேடிப் போக வேண்டும். எதைத் தேடுவது என்று தெரிந்தவருக்குத்தான் அது கிடைக்கும். வானொலி தானாக வரும். சமையலறையில் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு அவர் தேடாத ஒரு நாவல் கிடைக்கும். லாரி ஓட்டும் அண்ணனுக்கு அவர் கேட்காத ஒரு கவிஞர் அறிமுகமாவார். பார்வையற்ற ஒருவருக்கு யார் உதவியும் இல்லாமல் ஒரு முழு நாடகம் கிடைக்கும். நாம் தேர்ந்தெடுக்காத நல்லதை நம் முன் வைப்பதுதான் பொது ஒலிபரப்பின் வேலை.

இன்னொன்று, ஒரே நேரத்தில் கேட்பது. மாலை ஆறு மணிக்கு ஒரு நாடகம் ஒலித்தால் கிள்ளானிலும் ரவாங்கிலும் ஈப்போவிலும் ஒரே சமயத்தில் கேட்பார்கள். மறுநாள் அதைப் பற்றிப் பேசுவார்கள். சிதறிக் கிடக்கும் ஒரு சிறுபான்மைச் சமூகத்துக்கு இந்த 'எல்லாரும் கேட்டோம்' என்பது சின்ன விஷயம் இல்லை. தோட்டங்கள் போய்விட்டன, லயங்கள் போய்விட்டன. சேர்ந்து உட்காரும் திண்ணை என்று நமக்கு மிஞ்சியிருப்பதில் ஒன்று அந்த அலைவரிசை. கிள்ளான் பள்ளத்தாக்கில் அதன் எண் 96.3.

அதே சமயம் இரண்டும் எதிரிகள் இல்லை. காலையில் ஒலித்ததை மாலையில் போட்காஸ்டாகப் போடலாம். இணையத்தில் வளர்ந்த நல்ல குரலை அங்காசாபுரி அழைத்துக்கொள்ளலாம். ஒலித்த நாடகம் காற்றோடு போய்விடாமல் இருக்கவும் அதுவே வழி. நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்திய பழைய வழக்கத்தால் உலகின் பெரிய நிலையங்களே தங்கள் பொக்கிஷங்களை இழந்தன. இப்போது சேமித்து வைக்க அவ்வளவு இடமும் வேண்டாம், அவ்வளவு பணமும் வேண்டாம். மனம் மட்டும் வேண்டும்.

யார் எழுதுவது?

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி இதுதான். நிலையம் நாளைக்கே தினம் ஒரு நாடகம் என்று அறிவித்தால் எழுத ஆள் இருக்கிறதா?

1950-இல் இதே போன்ற கேள்வி சிறுகதைக்கு வந்தது. 'தமிழ் நேசன்' அப்போது ஒரு காரியம் செய்தது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் பத்திரிகையிலேயே 'கதை வகுப்பு' நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள், எழுதி அனுப்பியவர்களைத் தரம் பார்த்தார்கள். இந்நாட்டுச் சிறுகதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த வகுப்பைத் தாண்டிப் போக முடியாது. பிறவி எழுத்தாளர் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை, உருவாக்கினார்கள். இன்று ஒரு 'நாடக வகுப்பு' ஏன் நடக்கக் கூடாது? வானொலி நிலையமும் எழுத்தாளர் அமைப்பும் ஒரு நாளிதழும் சேர்ந்தால் போதும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்குச் சில குறிப்புகள். பாத்திரங்கள் ஐந்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் குரல் குழம்பும். இரண்டு பெண் குரல் என்றால் ஒன்று மூத்ததாகவும் ஒன்று இளையதாகவும் இருக்கட்டும். ஒருவர் அறைக்குள் வந்தால் யாராவது அவர் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் வந்ததே நமக்குத் தெரியாது. பேசாமல் நிற்கும் பாத்திரம் வானொலியில் இறந்துபோன பாத்திரம். 'இதோ பார், என் கையில் கத்தி' என்று யாரும் நிஜத்தில் சொல்வதில்லை. 'அதைக் கீழே போடு' என்று மற்றவர் பதறினால் கத்தி தானாகத் தெரியும். எழுதி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கே உங்கள் கவனம் போனதோ அங்கே வெட்டுங்கள். பதிவு செய்ய ஸ்டுடியோ இல்லையென்றால் துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் முன் பேசுங்கள். எதிரொலி அடங்கும்.

நாடகம் எழுத வராதவர்களுக்கும் வேலை உண்டு. வீட்டில் எழுபது, எண்பது வயதில் யாராவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போனில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுக் கேளுங்கள். எந்தத் தோட்டம், எத்தனை மணிக்குப் பெரட்டு, முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், வானொலியில் என்ன கேட்டீர்கள். நாளைய நாடகத்துக்கு வேண்டிய சொல்லும் குரலும் அதில் இருக்கும். அந்தக் குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது, அது எப்போதும் இருக்கவும் போவதில்லை.

கடைசியாக, கேட்பவர்களின் கடமை. நல்ல பேச்சு நிகழ்ச்சி ஒன்று வந்தால் நிலையத்துக்கு ஒரு வரி எழுதுங்கள், ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். பாட்டு கேட்டு அழைக்கிறவர்கள் ஆயிரம் பேர், நாடகத்தைப் பற்றிச் சொல்ல அழைக்கிறவர் ஒருவர்கூட இல்லை என்றால், நிலையத்தில் இருப்பவர் எந்தக் கணக்கைக் காட்டி நாடகத்துக்கு நேரம் கேட்பார்? அவர்களிலும் நாடகத்தை நேசிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் நாம் கொடுக்கும் கடிதம்தான் ஆயுதம்.

நாளை காலை வானொலியைத் திறந்ததும் ஒருவர் பேசத் தொடங்கினால் அலைவரிசையை மாற்றாமல் பத்து நிமிடம் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம், பாட்டு எங்கேயும் ஓடிவிடாது.